விசிட் ஷீட்

அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் இரண்டு வகை. நோயாளிகள் படுப்பதற்கு ஒரு வகை. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் அவர்கள் பார்ப்பதற்கு ஒரு வகை. முதல் வகை எத்தனை சலவை கண்டது என்று அதற்கே தெரியாது. நடுவில் தேய்ந்து சன்னமாகி, இரண்டு பேர் பிடித்து உதறினால் எதிரில் நிற்கிறவரின் மூக்கு தெரியும். இரண்டாவது வகைக்கு விசிட் ஷீட் என்று பெயர். துணிக்கிடங்கின் கடைசி இரும்பு பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும். விசிட் அன்று காலை வெளியே வரும். வந்தவர்களின் கார் வாசலைத் தாண்டியதும் உருவப்பட்டு, துவைக்கப்பட்டு, பழையபடி உள்ளே போய்விடும். ஒரு விசிட்டின்போது ஒருவர் அதன் மேல் நிஜமாகவே வாந்தி எடுத்துவிட்டார். பெரிய சிஸ்டர் இன்றைக்கும் அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது, சோறு போட்ட வீட்டில் திருடியவனைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

பீரோவின் சாவி லினன் அக்காவிடம் இருந்தது. துணிக்கிடங்குக்குப் பொறுப்பு என்பதால் வந்த பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டியின் ஆவியில் நின்று, கொதித்த துணியைக் கட்டையால் புரட்டி, பின்கட்டு முற்றத்தில் கம்பி கம்பியாகக் காயப்போட்டு, சாயங்காலம் மடிக்கிற வேலை. வலது தோள்பட்டை போய் நாளாகிவிட்டது. இருந்தாலும் அவள் மடித்த விரிப்பை அடுக்கினால் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அந்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக இருந்த பொருள் அது ஒன்றுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் மறுத்துச் சொல்ல இன்னொரு பொருளைத் தேட வேண்டியிருக்கும்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் படிக்கட்டில் நின்று, "உள்ள போ, உள்ள போ" என்று கத்திய தொண்டை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. "என்னை முந்திக்கிட்டு ரிட்டயர் ஆயிடுச்சுங்க, பென்ஷனும் வாங்காம" என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முதலில் சிரித்தார்கள். பிறகு விசாரிக்க வருவது குறைந்தது.

டயாலிசிஸ் கூடத்தில் இயந்திரங்கள் ஐந்து. ஆறாவது ஒன்று மூலையில் நின்றது. அது ஓடாது, ஆனால் கணக்கில் இருந்தது. கூடத்தை நம்பியிருந்தவர்களோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனார்கள். அதனால் வாரத்துக்கு மூன்று முறை சுத்தம் செய்ய வேண்டிய ரத்தத்தை எல்லோருக்கும் இரண்டு முறை சுத்தம் செய்தார்கள். மூன்றாவது முறை வேண்டுமென்றால் வெளியே நடைபாதையில் காத்திருக்கலாம். முறை இருக்கிற யாராவது வராமல் போனால், அந்த நாற்காலி காத்திருக்கிறவருக்கு. வராமல் போவதற்குக் காரணம் மழையாக இருக்கலாம், பேரன் பிறந்த நாளாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை.

இப்படிக் காத்திருப்பதற்கு 'ஸ்டாண்டிங்' என்று பெயர் வைத்தவர் கண்டக்டர்தான். வரிசையைக் காக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மூச்சு முட்டுகிறவர் முன்னே, வாய் பேச முடிகிறவர் பின்னே என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் வாய் ஓயாது என்பதால் பெரும்பாலும் அவர்தான் பின்னால் நின்றார்.

பெரிய டாக்டர் ஒரு நாள் துணிக்கிடங்கு வரைக்கும் வந்தார். அவர் அங்கே வருகிற ஆளே இல்லை.

"லினன், உன் வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவை பத்தல. தண்ணி நெஞ்சுல தேங்குது. மூணு இல்லேன்னா இருதயம் தாங்காது. புது மெஷினுக்கு எழுதிட்டே இருக்கேன். இந்தத் தடவை பாக்க வர்றாங்க. நல்லபடியா முடியணும்."

"முடியும் டாக்டர்" என்றாள் அவள், அது தன் கையில் இருக்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தம்பி வந்தான். டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பான், பிறகுதான் ஆளைப் பார்ப்பான். அக்கா உருளைக்கிழங்கை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் போனவர்களுக்குக் காய்கறியிலிருந்து சத்தையும் சேர்த்து வடிக்க வேண்டும். உப்பும் கிடையாது. கண்டக்டர் முட்டையின் வெள்ளைக்கருவை வைத்துக்கொண்டு அதோடு சமாதானம் பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அந்த ஓசி ஆஸ்பத்திரியையே கட்டிக்கிட்டு அழுறீங்களா மாமா?"

"வா மாப்பிள்ளை, உக்காரு. ஓசின்னு சொல்லாத. சீசன் டிக்கெட்டுன்னு சொல்லு."

"என்னா சீசன் டிக்கெட்டு?"

"முப்பது வருஷம் சம்பளத்துல புடிச்சாங்கள்ல? நீ ஒரு டீ குடிச்சா அதுலயும் புடிக்கிறாங்கள்ல? எல்லாம் சேந்துதான் அந்த வண்டி ஓடுது. அத்தனை வருஷம் நான் ஏறவே இல்ல. இப்ப ஏறியிருக்கேன். அவ்வளவுதான் விஷயம்."

"நானுந்தான் வரி கட்டுறேன். எனக்கு அங்க ஒரு ஊசி போட்டிருப்பாங்களா?"

"போட வேண்டி வராம இருக்கணும்னு ஆசைப்படு. காசு குடுத்தேன், நோய் குடுக்கலைன்னு வருத்தப்படுறவனை இப்பத்தான்டா பாக்குறேன்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "உன் பெரியவன் எங்கடா பொறந்தான்?"

"அது... நடுராத்திரி, வேற வழி இல்ல. அவசரத்துக்குப் போனோம்."

"அவசரத்துக்குத்தான் தொறந்து வச்சிருக்காங்க."

தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். ஓரத்தில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டான்.

"சரி மாமா. பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. சீசன் டிக்கெட்டு வச்சிருக்கிறவரு எதுக்கு ஸ்டாண்டிங்ல நிக்கிறீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க. வர்ற ஆளை எல்லாம் ஏத்துவானாம், சீட்டு மட்டும் போட மாட்டானாம். எவனும் கேக்குறதில்ல. கேட்டா ஏழைங்க ஆஸ்பத்திரிக்கு எதிரியாம். நான் என்ன எதிரியா? காலைக் காட்டுங்க."

"காலுக்கு என்ன இப்ப?"

"காட்டுங்க மாமா."

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தான். பள்ளம் விழுந்தது. களிமண்ணில் விழுந்த மாதிரி அப்படியே நின்றது. அக்காவும் கரண்டியோடு வந்து நின்றாள். அது மேலே எழும்புவதற்காக மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"பிரைவேட்டுக்குப் போயிடலாம் மாமா. நான் பாத்துக்குறேன்."

"எத்தனை நாளைக்குடா பாத்துப்ப?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"இது காய்ச்சலா, மூணு நாள்ல விடுறதுக்கு? நான் இருக்கிற வரைக்கும். நான் இருக்க இருக்க உனக்கு நஷ்டம். ஒரு வருஷம் கழிச்சு நான் எப்பப் போவேன்னு உனக்கே தோணும். தப்பில்ல, யாருக்கும் தோணும். அங்க ஏத்தும்போது நல்லா ஏத்துவான் மாப்பிள்ளை. எறங்கும்போதுதான் டிக்கெட் விலையைச் சொல்லுவான்."

தம்பி மறுபடியும் அந்தப் பெயர்ந்த கல்லைப் பார்த்தான். அவர் சொன்னது அவனுக்கு ஏற்கெனவே தோன்றியிருந்ததோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். அதற்காக அவன் மேல் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

"புதன்கிழமை விசிட்டு" என்றாள். "மெஷின் குடுக்கிறதுக்குத்தான் வர்றாங்க. வந்துட்டா மூணு தடவை எல்லாருக்கும்."

"வந்துட்டா" என்றான் தம்பி.

விசிட்டுக்கு முன்னேற்பாடாக டயாலிசிஸ் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். வாசனை போக வேண்டும், ஈரம் காய வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கூடத்தைப் பாதி நாள் மூடினார்கள். அன்று கண்டக்டரின் முறை. நாலு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரம் அவருக்கு இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை.

"பரவால்ல தம்பி" என்றார், ஊசியைக் கழற்றிய மெஷின் தம்பியிடம். இயந்திரங்களை ஓட்டுகிற பையனுக்கு அங்கே அதுதான் பெயர். "செவுரு காயட்டும். நான் ஈரமா இருந்துக்குறேன்."

புதன்கிழமை காலை பெரிய சிஸ்டர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். தரையில் ஒருத்தர்கூடப் படுத்திருக்கக் கூடாது. நடைபாதையில் பாய், தூக்குவாளி, தண்ணீர் பாட்டில் எதுவும் கண்ணில் படக் கூடாது. ஸ்டாண்டிங் ஆட்கள் மொத்தமும் துணி காய்கிற முற்றத்துக்கு.

"சிஸ்டர், கூட்டம் இருக்குன்னுதானே மெஷின் கேக்குறோம்?" என்றான் மெஷின் தம்பி.

"கடன் கேக்கப் போறவன் கிழிஞ்ச சட்டையிலயாடா போவான்? இருக்கிறதை ஒழுங்கா வச்சிருக்கோம்னு தெரிஞ்சாத்தான் இன்னும் குடுப்பாங்க. நாளைக்கு மெஷின் வந்தா அதையும் இப்படிப் போட்டு வச்சிருப்பாங்கன்னு நினைக்க மாட்டாங்களா?"

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லினன் அக்காவுக்கு இன்னும் அதிகமாகவே பட்டது. விடிந்ததிலிருந்து கட்டில் கட்டிலாக அவளே விசிட் ஷீட் போட்டாள். மூலையை மடித்து, இழுத்து, உள்ளங்கையால் நீவினாள். கூடத்து நாற்காலிகள் ஐந்திலும் போட்டாள். கெட்டுப்போன ஆறாவது இயந்திரத்தையும் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடினாள். அது ஓடுவதற்குத் தயாராக நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது. இன்றைக்கு நல்லபடியாக முடிந்தால் வீட்டுக்காரருக்கு மூன்றாவது முறை. அவ்வளவு நேராக ஒரு விரிப்பு விழுந்து அவளே பார்த்ததில்லை.

ஸ்டாண்டிங் ஆட்களை முற்றத்துக்குக் கூட்டிப்போகிற பொறுப்பைக் கண்டக்டர் ஏற்றுக்கொண்டார்.

"உள்ள போ, உள்ள போ. கம்பியைப் புடிக்காதீங்க, துணி காயுது. அம்மா, பைய மடியில வச்சுக்கங்க. யாரும் இரும வேண்டாம், இருமுறவங்க அடுத்த வண்டில வாங்க."

வெயிலில், வரிசை வரிசையாகத் தொங்கிய விரிப்புகளுக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் நடுவில் சுவரில் சாய்ந்துகொண்டார். பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினார். அக்கா கவனித்தாள்.

"ஏங்க, உள்ள கெடங்குல வந்து படுத்துக்கங்களேன்."

"ஏம்மா, தலைவன் போய்ப் படுத்துட்டா கூட்டம் கலைஞ்சிடும். நீ போ. அவங்களைக் கவனி."

நிதித்துறையிலிருந்து வந்த அம்மாவுக்கு நடுத்தர வயது. தட்டையான செருப்பு. மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். கூட ஓர் உதவியாளர். பெரிய டாக்டர் முன்னே நடக்க, பெரிய சிஸ்டர் பக்கத்தில் நடக்க, லினன் அக்கா பின்னால் போனாள். எங்காவது விரிப்பு கசங்கியிருந்தால் நீவிவிடுவதற்காக.

கூடத்தில் ஐந்து பேர் ஐந்து நாற்காலிகளில், படத்துக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தார்கள். புது வெள்ளைச் சுவர். வெளியே காலியான நடைபாதை. யாரோ அதில் ஒரு பூந்தொட்டியைக்கூட வைத்திருந்தார்கள்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார் வந்த அம்மா.

பெரிய சிஸ்டரின் முகம் மலர்ந்தது.

"காத்திருக்கிறவங்க எங்க?"

"விண்ணப்பத்துல எல்லாம் விவரமா இருக்கு மேடம்" என்றார் பெரிய டாக்டர்.

"பேப்பர்ல எல்லா ஊர்லயும் இருக்கு டாக்டர். கண்ணுல காணோமே."

"நாங்க... முறைப்படுத்தி வச்சிருக்கோம் மேடம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். உதவியாளரிடம் திரும்பி மெதுவாகத்தான் பேசினார். ஆனால் லினன் அக்கா பக்கத்து நாற்காலியில் ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"காலைல பாத்த எடத்துல படிக்கட்டு வரைக்கும் படுத்திருந்தாங்க. இங்க ஒரு மெஷின் சும்மா வேற நிக்குது. நம்ம கையில இருக்கிறதே கொஞ்சம். அவங்களுக்கே குடுத்துடலாம்."

அக்காவின் கை சுருக்கத்தின் மேலேயே நின்றது. தன் கையால் நீவியது. தன் கையால் மூடியது. தன் சாவியால் திறந்த பீரோ. ஒரு வார்த்தையில் பெரிய டாக்டர் இதைச் சரிசெய்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு அந்தப் பேச்சு காதில் விழவில்லை. அவர் சுவரில் ஒரு பெயின்ட் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றாள். "துணிக்கெடங்கைப் பாக்கலையே."

"துணிக்கிடங்கா?"

"லினன், அதெல்லாம் வேண்டாம், நேரமாச்சு" என்றார் பெரிய சிஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல்.

"ஒரு நிமிஷம்மா. முற்றம்தான். அவசியம் பாக்கணும்."

அந்த அம்மா வந்தார். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. நாள் முழுக்கக் கட்டில்களையே பார்த்துச் சலித்திருக்கலாம். முற்றத்துக்குள் நுழைந்ததும் அக்கா முதல் கம்பியிலிருந்த விரிப்பை இழுத்தாள். பிறகு இரண்டாவதை. மூன்றாவதுக்குப் பின்னால் அவர்கள் இருந்தார்கள்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"யார் நீங்கல்லாம்?"

முன்னால் நின்ற ஒரு கிழவர் கைகூப்பிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்" என்றார்.

"சும்மாவா?"

"ஆளுங்களைப் பாக்க வந்தோம்" என்றாள் ஒரு பெண். "நல்லா பாத்துக்கிறாங்கம்மா. ஒரு கொறையும் இல்ல."

"ஒரு கொறையும் இல்ல" என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன.

அவர்கள் பெரிய சிஸ்டருக்குப் பயந்து சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. வெளியாள் ஒருவர் வந்து குறை எழுதிக்கொண்டு போனால் இந்த இடத்தை மூடிவிடுவார்கள், இல்லை யாருக்காவது விற்றுவிடுவார்கள் என்று அந்த வரிசையில் பல நாளாகவே பேச்சு. அதைப் பேசிப் பேசி வளர்த்தவர்களில் முக்கியமானவர் அவள் வீட்டுக்காரர்.

அந்த அம்மா அவரிடம்தான் வந்து நின்றார். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார் அவர்.

"நீங்க பேஷண்டா?"

"நானாம்மா? நான் இவங்க வீட்டுக்காரரு." அக்காவைக் காட்டினார். "சாப்பாடு... குடுக்க வந்தேன்."

"எல்லார் கையிலயும் ஒரே எடத்துல பிளாஸ்திரி இருக்கே?"

"கொசும்மா" என்றார் கண்டக்டர்.

உதவியாளர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அவள் வீட்டுக்காரரும் பார்த்தார், வேண்டாம் என்று. வீட்டில் ஆயிரம் இருக்கலாம், வெளியாள் முன்னால் வாயைத் திறக்காதே என்று இத்தனை வருஷமாக அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தத்தின் பார்வை அது.

"பொய்ம்மா" என்றாள் அவள். "சாப்பாடும் இல்ல ஒண்ணும் இல்ல. நேத்துலேர்ந்து இவரே சாப்பிடல. வாரத்துக்கு ரெண்டு தடவைதான் கெடைக்குது, மூணு வேணும். இங்க இருக்கிற எல்லாருக்கும் வேணும். அங்க மூடி வச்சிருக்கிற மெஷினு ஓடாது. நான்தான் மூடுனேன்."

அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்த நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. "தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா தயங்கி, இரண்டு விரலை வைத்தார். உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு, டப்பாவில் அடைத்த வண்டு மாதிரிக் குறுகுறுத்தது. விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"முதல்லயே காட்ட வேண்டியதுதானே டாக்டர் இவங்களை?"

"அசிங்கமா இருக்குமேன்னு..." என்று பெரிய சிஸ்டர் இழுத்தார்.

"அசிங்கத்துக்குத்தான் சிஸ்டர் நாங்க பணம் குடுக்கிறோம். சுத்தமா இருந்தா மிச்சம் இருக்குன்னு பிடுங்கிடுவாங்க." இதைச் சொல்லும்போது அவருக்கே அலுப்பாக இருந்தது. "நான் போய் அந்த ரூம்ல ஒரு டீ குடிக்கிறேன். வழக்கமா யார் யார் எங்கெங்க இருப்பாங்களோ, அப்படியே போய் இருக்கச் சொல்லுங்க. மறுபடி ஒரு சுத்து வர்றேன்."

அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்க்காத வேலை அடுத்து நடந்தது. விசிட் ஷீட்களை உருவி, பழையதைப் போட்டார்கள். தரைக்காரர்கள் தரைக்கு வந்தார்கள். பாய்கள் விரிந்தன, தூக்குவாளிகள் திரும்பின. பெரிய சிஸ்டர் சுத்தத்துக்குக் காட்டிய அதே கண்டிப்பை அசுத்தத்துக்கும் காட்டினார்.

"அந்தச் சக்கரம் போன ஸ்ட்ரெச்சரை இன்னும் முன்னாடி இழுங்க, தெரியணும். ஏம்ப்பா, நீ அங்கயா படுப்ப வழக்கமா? குறுக்கால படு. பூந்தொட்டியை எடுங்க முதல்ல!"

லினன் அக்கா கை நிறைய கிழிசல் விரிப்புகளோடு நடைபாதைக்கு வந்தபோது, கண்டக்டர் கூடத்து வாசலில், அவர் எப்போதும் நிற்கிற இடத்தில், சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. தோள் மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சிலும் ஏதோ கொதிக்கிற சத்தம்.

"பிரமாதம்" என்றார் பெரிய சிஸ்டர் கடந்து போகிறபோது. "எல்லாரும் இவரைப் பாத்துக்கங்க. இப்படித்தான் இருக்கணும்."

அக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். உதடு நீலம். தொட்டால் சில்லென்று வேர்வை.

"ஏங்க. ஏங்க, என்னைப் பாருங்க."

அவர் பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார். வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாயில் சொல் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"சிஸ்டர், இது நிஜம்!"

பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஒரே பார்வை. அப்புறம் அவர் ஓடிய ஓட்டத்தை அவருடைய வயதில் யாரும் ஓட மாட்டார்கள். ஆக்ஸிஜன் வந்தது. பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். கண்டக்டரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகமூடியை மாட்டி, ஊசி போட்டார்கள்.

"தண்ணி நெஞ்சு முழுக்க. ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும். உடனே மெஷின்ல போடணும். எது காலி?"

"எதுவும் காலி இல்ல டாக்டர்" என்றான் மெஷின் தம்பி. "ஏறிப் பாதிகூட ஆகல யாருக்கும்."

கூடத்து வாசல் திறந்தே இருந்தது. ஐந்து நாற்காலிகளிலிருந்தும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் இந்த நாளுக்காக மூன்று நாளோ நாலு நாளோ தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்தவர்கள். யாரையும் எழுந்திரு என்று சொல்ல முடியாது. பெரிய டாக்டர் யாரையும் சொல்லவில்லை. அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கேட்பது மாதிரி ஆகிவிடும்.

"தம்பி, என்னை எறக்கி விடு" என்று ஒரு குரல் வந்தது. இரண்டாவது நாற்காலியில் இருந்த கொத்தனார். ஒரு காலத்தில் நின்றால் கதவு மாதிரி இருந்த ஆள், இப்போது பாதியாகியிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"கணக்குத் தெரியும்டா. கழட்டு. மிச்சத்துக்கு ஸ்டாண்டிங்ல நின்னுக்கிறேன். சீக்கிரம்டா, பேசிட்டே நிக்கிற!"

அவருடைய ரத்தத்தை அவருக்குத் திருப்பி ஏற்றி, குழாய்களைக் கழற்றி, இயந்திரத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, புதுக் குழாய் மாட்டுகிற வரைக்கும் கண்டக்டர் அந்த முகமூடிக்குள் கொதித்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள், போன தோளால். நேற்று காய்வதற்காக அவருடைய இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தவைத்த சுவர் எதிரே பளீரென்று இருந்தது. பிறகு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கியது. நீலம் போய், உதடு வெறும் வெளுப்பானது. மெஷின் தம்பி தலையை ஆட்டினான். அந்த ஆட்டலுக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை, இன்றைக்கு உயிர் போகாது என்று அர்த்தம். அதுவே போதுமாக இருந்தது.

கண்டக்டர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"ஏம்மா. காட்டிக் குடுத்துட்டியே."

"ஆமா" என்றாள். "பேசாம இருங்க."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அவள் கவனித்தாள். நிதித்துறை அம்மா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கையில் டீ ஆறிப்போயிருந்தது. உதவியாளரைக் காணோம். காத்திருந்தவர்கள் மறுபடி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அந்த அம்மாவிடம் இப்போது குறை இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நாற்காலி ஒன்றும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தரையிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை மெஷின் கேட்டிருந்தாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"தெரியலைம்மா. அது டாக்டருக்குத்தான் தெரியும்."

"எத்தனை கேட்டாலும் பாதிதான் தர முடியும். அதுக்கே மேல சண்டை போடணும். காலைல பாத்த எடத்துக்கும் குடுக்கணும்."

"குடுங்கம்மா. அவங்களும் படியில படுத்திருக்காங்களே."

வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. வீசியெறிந்த விரிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கொத்தனார் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கூடத்திலிருந்து வந்தார். வரிசையின் கடைசி எங்கே என்று பார்த்தார். அங்கேதான் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று கொத்தனாருக்குத் தெரியாது. காலை மடக்கி, மெதுவாகப் பக்கத்தில் இறங்கினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றார். "இன்னும் ஆளுங்க வருவாங்க."